வயலை விற்காதீர்கள், பிள்ளைக்கு வேறு வழி இருக்கிறது

கிளிநொச்சியிலிருந்து ஓர் அம்மா எழுதியிருக்கிறார். மகள் உயர்தரத்தில் கணிதப் பிரிவு. இரண்டாம் தடவையும் பொறியியலுக்கு வெட்டுப்புள்ளி காணாது. வயலை விற்றாவது கொழும்பில் தனியாரிடம் பொறியியல் படிப்பிக்கச் சொல்கிறாராம் லண்டனில் இருக்கும் மாமா. பிள்ளைக்கு விருப்பம் வரைபடத்திலும் கணக்கிலும்.

கவலைப்பட வேண்டாம் என்று மட்டும் சொல்லி அனுப்ப எனக்கு மனமில்லை அம்மா. வயலை விற்காதீர்கள். பிள்ளைக்கு விருப்பமில்லாத பட்டத்துக்கு, சோறு போடும் நிலத்தைக் கொடுப்பதை நான் ஒருபோதும் ஏற்கமாட்டேன். மாமாவிடம் அதை நேராகவே சொல்லுங்கள்.

மொரட்டுவைப் பல்கலைக்கழகத்தில் போக்குவரத்து முகாமைத்துவமும் லொஜிஸ்டிக்ஸ், அதாவது சரக்கைக் கொண்டுசேர்க்கும் ஒழுங்கு பற்றிய பொறியியலும் சேர்ந்த ஒரு பட்டப்படிப்பு இருக்கிறது. அரச பல்கலைக்கழகம், படிப்புக் கட்டணம் இல்லை. நம் பக்கத்தில் அதைப் பற்றி யாரும் பேசுவதில்லை. வன்னிக்கு மிகவும் தேவையான ஒரு வேலைக்கு அது வழி: சரக்கு வாகனத் தரவை வைத்து வீதிகளைத் திட்டமிடுவது.

காலபோக அறுவடையில் நெல் லொறிகள் ஏ9 பக்கம் வரிசையாகப் போவதை நீங்களே பார்த்திருப்பீர்கள். வீதியை உடைப்பது வாகனங்களின் எண்ணிக்கையை விட, சில்லுகளை இணைக்கும் அச்சில் இறங்கும் பாரம்தான். 1958 முதல் 1960 வரை அமெரிக்காவில் நடந்த பெரிய வீதிச் சோதனையில் தெரிந்த கணக்கு இது: அச்சுப் பாரம் இரண்டு மடங்கானால் சேதம் ஏறத்தாழ 16 மடங்கு. அதனால் எத்தனை வாகனம் போனது என்று எண்ணினால் மட்டும் போதாது. என்ன சரக்கு, எத்தனை தொன், எங்கிருந்து எங்கே, எந்த மாதம் என்பதும் வேண்டும். அறுவடை இல்லாத மாதத்தில் கணக்கெடுத்தால் அந்த நெல் பாரம் கணக்கிலேயே வராது, வீதியும் அதற்கேற்ற தடிப்பில் போடப்படாது.

இன்னொன்று. ஏ, பி வீதிகள் வீதி அபிவிருத்தி அதிகார சபையிடம், சி, டி வீதிகள் மாகாணத்திடம், உள்வீதிகள் பிரதேச சபையிடம். ஒரு மூட்டை நெல் மூன்றிலும் பயணம் செய்கிறது. லொறிகளின் ஜிபிஎஸ் பதிவும் சாரதிகளிடம் கேட்டெடுத்த விபரமும் சேர்ந்தால்தான் அந்தப் பயணம் முழுதாகத் தெரியும், எதை முதலில் திருத்துவது என்று முடிவெடுக்க முடியும். சாரதியோடு தமிழில் பேசி விபரம் எடுக்கக்கூடிய பட்டதாரிக்கு இங்கே நிச்சயம் மதிப்பு உண்டு.

சரி, இப்போது செய்ய வேண்டியது: பல்கலைக்கழக அனுமதிக் கைந்நூலில் இந்தப் பாடநெறிக்கான தகைமையையும் உங்கள் மாவட்டத்தின் சென்ற வருட வெட்டுப்புள்ளியையும் மகளே பார்க்கட்டும். புள்ளி கிட்ட வந்தால் விண்ணப்பத்தில் மேலே போடுங்கள். பாடங்கள் ஆங்கிலத்தில் என்பதால் அதை இப்போதே பழகட்டும். க்யூஜிஐஎஸ் என்ற வரைபட மென்பொருள் இலவசம், அதையும் வீட்டிலிருந்தே தொடங்கலாம்.