போர்ப் படங்களில் பொதுமக்களைக் கொல்லும் காட்சிகள் மிகைப்படுத்தலா?

மிகை இல்லை. பெரும்பாலும் குறைத்துத்தான் காட்டுகிறார்கள்.

பாலக்காட்டுப் பக்கம் கொழிஞ்சாம்பாறையில், எலெம் கிளிமோவின் ‘கம் அண்ட் சீ’ (1985) படத்தை நண்பர்களோடு பார்த்தேன். ஊர்சனத்தை ஒரு கொட்டகைக்குள் அடைக்கிறார்கள். பிள்ளைகளை உள்ளேயே விட்டுவிட்டு ஜன்னல் வழியாக வெளியே வரலாம் என்கிறான் ஜெர்மன் அதிகாரி. பிள்ளையை விட்டுவிட்டு எந்தத் தாயும் வரவில்லை. பக்கத்திலிருந்த வேலந்தாவளத்து அண்ணன், “இதெல்லாம் சினிமாக்காரன் ஜோடிக்கிறது தம்பி” என்றார்.

அந்தக் கொட்டகை ஜோடனை இல்லை. இரண்டாம் உலகப் போரில், 1943 மார்ச் 22 அன்று பெலாரஸின் கத்தின் கிராமத்து மக்களை நாஜிப் படையினர் இப்படித்தான் அடைத்துத் தீவைத்தார்கள். செத்த 149 பேரில் 75 பேர் குழந்தைகள். சொன்னதும் அண்ணன் டீயை அப்படியே வைத்துவிட்டார்.

அமெரிக்கர்கள் எடுத்த வியட்நாம் படங்களில் கோளாறு வேறு மாதிரி. சுட்ட சிப்பாயின் மனவேதனைதான் அங்கே கதை. சுடப்பட்ட கிழவிக்குப் பெயர்கூட இருக்காது. எனக்கு இதுதான் பெரிய பொய்யாகப் படுகிறது. 1968 மார்ச் 16 அன்று வியட்நாமின் மை லாய் கிராமத்தில் அமெரிக்கச் சிப்பாய்கள் கொன்ற பொதுமக்கள் வியட்நாம் கணக்கில் 504 பேர், அமெரிக்க ராணுவக் கணக்கில் 347. தண்டனை பெற்றவர் லெப்டினன்ட் வில்லியம் கேலி ஒருவர்தான். ஆயுள் தண்டனை என்றார்கள். பெரும்பகுதி வீட்டுக்காவல், அதுவும் சில வருஷம். தடுக்கப் பார்த்த ஹெலிகாப்டர் விமானி ஹியூ தாம்சனுக்கு ‘சோல்ஜர்ஸ் மெடல்’ பதக்கம் வர 30 வருஷம் ஆனது.

மை லாய் அடங்கிய சொன் மை ஊரின் நினைவகத்தில் அந்த 504 பேரின் பெயரையும் வயதையும் பொறித்து வைத்திருக்கிறார்கள்.