மூன்றாவது குஞ்சுக்காக க்யூஆர் கோடுக்குப் பணம் அனுப்பலாமா?

கேள்வி: அமெரிக்காவில், மேரிலாந்தில் இருக்கும் என் மகள் ஒரு பறவைக் கூட்டின் நேரலை இணைப்பை அனுப்பினாள். ஆஸ்ப்ரே என்கிற விராலடிப்பானின் கூடு. மூன்று குஞ்சுகள் இருக்கின்றன. மூத்தது கடைக்குட்டியைத் தலையிலேயே கொத்துகிறது. மீன் வந்தாலும் சின்னதுக்குக் கிடைப்பதில்லை. தாய்ப்பறவை பக்கத்திலேயே நின்று பார்த்துக்கொண்டிருக்கிறது. இரண்டு நாளாக எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. யாரிடம் சொன்னால் ஏறி எடுத்துக் காப்பாற்றுவார்கள்? அதே கூட்டை வேறொரு பக்கத்திலும் நேரலையாகப் பார்த்தேன். அங்கே, குஞ்சை மீட்க உதவுங்கள் என்று க்யூஆர் கோடு போட்டிருக்கிறார்கள். ஐநூறு ரூபாய் அனுப்பலாம் என்றிருக்கிறேன். (வாசகி, உறையூர்)

பதில்: முதலில் அந்த ஐநூறு ரூபாயை அனுப்பாதீர்கள். குஞ்சைப் பற்றி அப்புறம் பேசுவோம்.

நீங்கள் பார்த்த க்யூஆர் கோடு உங்கள் போனில் இருக்கும் யுபிஐ செயலியில் வேலை செய்கிறதா? செய்கிறது என்றால் விஷயம் அங்கேயே முடிந்தது. மேரிலாந்தில் ஒரு கம்பத்தின் மேல் கூடு வைத்துக் கேமரா பொருத்தியிருக்கும் அமைப்பு, இந்திய வங்கிக் கணக்கில் யுபிஐ வழியாக ஏன் பணம் வாங்கப்போகிறது? இது நம் ஊர் ஆள் ஒருவர் வீட்டிலிருந்தபடி நடத்தும் வியாபாரம். உண்மையான கூட்டின் படத்தைப் பதிவு செய்துகொள்வார். அதையே திரும்பத் திரும்ப ஓடவிட்டு, மூலையில் சிவப்பு எழுத்தில் 'நேரலை' என்று போடுவார். குஞ்சு வதைபடும் பகுதியாகப் பார்த்துத்தான் வெட்டி எடுப்பார், ஏனென்றால் பணம் வருவது அந்தக் காட்சிக்குத்தான். வயிறு நிறைந்து தூங்கும் குஞ்சுக்கு யாரும் ஐநூறு ரூபாய் அனுப்ப மாட்டார்கள்.

இதில் இன்னொரு ரகமும் உண்டு. கூட்டிலிருந்து குஞ்சை ஒருவர் கூடையில் இறக்கி, பால்புட்டியில் ஏதோ புகட்டி, மறுபடி மேலே வைப்பதாக ஒரு காணொளி வரும். விராலடிப்பான் குஞ்சு பால் குடிக்காது. முட்டையிலிருந்து வெளிவந்த நாள்தொட்டு அதற்கு மீன்தான், வேறெதுவும் இல்லை. பால்புட்டியைக் கண்டால் அந்தப் பக்கத்தை அப்போதே மூடிவிடுங்கள்.

நேரலை உண்மைதானா என்று பார்க்கத் தொழில்நுட்ப அறிவு எதுவும் வேண்டாம், கடிகாரம் போதும். மேரிலாந்தில் கோடைக்காலக் கடிகாரம் நம்மைவிட ஒன்பதரை மணி நேரம் பின்னால் ஓடுகிறது. காலை எட்டு மணிக்குக் காபியைக் கையில் வைத்துக்கொண்டு இணைப்பைத் திறந்து பாருங்கள். அங்கே அப்போது முந்தைய நாள் இரவு பத்தரை. கூடு கறுப்பு வெள்ளையில், பறவைகளின் கண்கள் மட்டும் பளபளக்க, மங்கலாகத் தெரிய வேண்டும். அது அகச்சிவப்பு விளக்கு. நம் கேமராவுக்குத் தெரியும், பறவைக்குத் தெரியாது. அந்த நேரத்தில் கூட்டில் வெயில் அடித்தால் நீங்கள் பார்ப்பது பழைய பதிவு. இரவு ஒன்பது மணிக்கு இதைத் திருப்பிப் பாருங்கள். அங்கே முற்பகல் பதினொன்றரை. நல்ல வெளிச்சம் இருக்க வேண்டும்.

பருவமும் காட்டிக்கொடுக்கும். அந்தப் பக்கத்துப் பறவைகள் மார்ச்சில் வந்து, ஏப்ரலில் முட்டையிட்டு, மே கடைசியிலிருந்து ஜூன் வரை குஞ்சு பொரித்து, செப்டம்பர் வாக்கில் தெற்கே கிளம்பிவிடும். மேரிலாந்து கூடு என்று பெயர் போட்டு டிசம்பரில் குஞ்சு காட்டினால், அந்தக் குஞ்சு இந்நேரம் தென் அமெரிக்காவில் மீன் பிடித்துக்கொண்டிருக்கும், அல்லது செத்துப்போயிருக்கும்.

சரி, உங்கள் மகள் அனுப்பிய இணைப்பு அமைப்பின் சொந்தப் பக்கத்திலிருந்து வந்தது, கடிகாரமும் ஒத்துப்போகிறது என்றே வைத்துக்கொள்வோம். குஞ்சுக்கு என்ன ஆகிறது?

தாய் முட்டைகளை ஒரே நாளில் இடுவதில்லை. ஒன்றுக்கும் அடுத்ததற்கும் இடையில் ஓரிரு நாள் விடும். ஆனால் முதல் முட்டையிலேயே அடைகாக்க உட்கார்ந்துவிடும். சுமார் ஐந்து வாரத்துக்கு மேல் கழித்துக் குஞ்சுகளும் அதே இடைவெளியில் வெளிவரும். மூன்றாவது வரும்போது முதலாவது நாலைந்து நாள் சாப்பிட்டு முடித்திருக்கும். அந்த வயதில் நாலைந்து நாள் என்பது பெரிய வித்தியாசம். மீன் பிடித்து வருவது பெரும்பாலும் ஆண். வரும் வழியில் ஒரு மரத்திலோ கம்பத்திலோ உட்கார்ந்து தலைப்பக்கத்தைத் தின்றுவிட்டு மிச்சத்தைக் கொண்டுவரும். தாய் அதைக் கிழித்துக் கிழித்து, எந்த வாய் முன்னால் நீள்கிறதோ அதற்குக் கொடுக்கும். சின்னது யார், பெரியது யார் என்று அது கணக்குப் பார்ப்பதில்லை. சண்டையை விலக்கிவிடவும் செய்யாது. அதைக் கல்மனசுக்காரி என்று திட்டிப் பயனில்லை.

நீங்கள் கவனிக்க வேண்டியது கொத்துவதை அல்ல, கழுத்துக்குக் கீழே இருக்கும் தீனிப்பையை. சாப்பிட்ட குஞ்சுக்கு மார்புக்கு மேலே, ஒரு பக்கமாக உருண்டையாகப் புடைத்திருக்கும். நன்றாகத் தெரியும். கொத்து வாங்கும் குஞ்சு உடனே தலையைக் கூட்டின் தரையோடு வைத்து, முதுகைக் காட்டிக் குப்புறப் படுத்துவிடும். பார்க்கிற நமக்கு அது சாகப்போவதுபோல் தோன்றும். உண்மையில் அது அடங்கிப்போகிறது. பெரிய மீன் வந்த நாளில் மூத்தவை இரண்டும் தீனிப்பை முட்ட முட்டத் தின்று தூக்கத்தில் சரிந்துவிடும். அப்போது கடைக்குட்டி மெல்ல நகர்ந்து தாயின் காலடிக்கு வந்து வாய் திறக்கும். இதற்குப் பதினைந்து இருபது நிமிடம் ஆகலாம். பெரும்பாலோர் முதல் இரண்டு நிமிடச் சண்டையைப் பார்த்துவிட்டு அழுதுகொண்டே கணினியை மூடிவிடுகிறார்கள். யூடியூபில் நேரலையைப் பின்னால் நகர்த்திப் பார்க்கும் வசதி பெரும்பாலும் இருக்கும். அன்றைய கடைசி மீனுக்குப் பின்னால் கடைக்குட்டியின் கழுத்தைப் பாருங்கள். மாலையில் புடைப்பு இருந்தால் நீங்கள் நிம்மதியாகச் சாப்பிடலாம். இரண்டு மூன்று நாளாகத் தொடர்ந்து தட்டையாகவே இருந்து, குஞ்சு தலை தூக்கவும் தள்ளாடினால், அது பிழைப்பது கடினம். மறைத்துச் சொல்வதில் அர்த்தமில்லை.

அப்போதும் யாரும் ஏறி எடுக்கப்போவதில்லை. அமெரிக்காவில் வலசைப் பறவைகளைக் காக்க 1918-இலிருந்தே கூட்டாட்சிச் சட்டம் இருக்கிறது. உரிமம் இல்லாமல் கூட்டில் கை வைப்பது குற்றம். சட்டத்தை விடுங்கள், மேலே ஆள் ஏறினாலே தாய் பறந்துவிடும். அந்த நேரத்தில் வெயிலோ மழையோ அடித்தால் மூன்றுக்குமே ஆபத்து. எடுத்த குஞ்சை மனிதக் கையில் வளர்த்தால், பறக்கத் தொடங்கிய பிறகு அதற்குத் தகப்பன் மீன் கொண்டுவந்து கொடுக்கும் அந்தச் சில வாரங்கள் கிடைக்காது.

மாசசூசெட்ஸில் உட்ஸ் ஹோல் கடலாய்வு நிறுவனத்தின் கூட்டுக் கேமராவில் 2014-லும் 2015-லும் தாய்ப்பறவையே குஞ்சுகளைக் கொத்தியது. பார்த்தவர்கள் கெஞ்சினார்கள், மிரட்டினார்கள், ஊழியர்களை வாய்க்கு வந்தபடி திட்டி மின்னஞ்சல் போட்டார்கள். அந்த மின்னஞ்சல்களால் குஞ்சுகளுக்கு ஒரு பயனும் இல்லை. கேமராதான் கடைசியில் நின்றுபோனது.

ஒரு நிலைமையில் மட்டும் நீங்கள் மின்னஞ்சல் அனுப்பியே ஆக வேண்டும். இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் திருச்சியில் உட்கார்ந்திருக்கும் நீங்கள் உண்மையிலேயே ஒரு குஞ்சைக் காப்பாற்ற முடிகிற இடம் இது ஒன்றுதான்.

விராலடிப்பானுக்குக் கூட்டில் மெத்தை போட நார் வேண்டும். வைக்கோல், பாசி, காய்ந்த புல் இவற்றோடு மனிதன் போட்டுவிட்டுப் போன பிளாஸ்டிக் கயிறும் மீன்பிடி நரம்பும் அதற்குக் கிடைத்துவிடுகின்றன. மொன்டானா மாநிலத்துப் பண்ணைகளில் வைக்கோல் கட்டும் ஆரஞ்சு, நீலநிற பிளாஸ்டிக் கயிற்றை வயலிலேயே விட்டுவிடுகிறார்கள். பறவை அதைப் பார்த்துப் பார்த்துப் பொறுக்கி வரும். மக்கவே மக்காது. வருடா வருடம் அதே கூட்டுக்கு வரும் பறவை என்பதால் கயிறும் சேர்ந்துகொண்டே போகும். குஞ்சு நடக்க ஆரம்பித்ததும் காலில் ஒரு சுருக்கு விழும். இழுக்க இழுக்க இறுகும். கால் வீங்கிப்போகும். மற்றவை பறந்து போன பிறகும் இது கூட்டிலேயே தொங்கிக்கொண்டிருக்கும். மிசூலாவில் மொன்டானா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பல ஆண்டுகளாக இதை எடுத்துச்சொல்லி, பண்ணைக்காரர்களிடம் கயிற்றைத் திரும்ப வாங்கிக்கொண்டிருக்கிறார்கள். இதில் மட்டும் தலையிடலாம் என்பதில் பெரும்பாலோருக்குக் கருத்து வேறுபாடு இல்லை. மனிதன் போட்ட முடிச்சை மனிதன்தான் அவிழ்க்க வேண்டும். உரிமம் உள்ளவர்கள் மின்வாரிய வண்டியின் தூக்கியில் ஏறி, கயிற்றை அறுத்துவிட்டுச் சில நிமிடத்தில் இறங்கிவிடுவார்கள்.

ஆனால் இதற்குக் காலக்கெடு உண்டு. ஐந்தாறு வாரம் வரை குஞ்சு ஆளைக் கண்டால் தரையோடு ஒட்டிப் படுத்துவிடும், எடுக்கலாம், பார்க்கலாம். அடையாளத்துக்குக் கால்வளையம் மாட்டுவதும் அந்த வயதில்தான். அதற்குப் பிறகு போனால் பயந்து குதித்துவிடும், பறக்கத் தெரியாமலேயே. அதனால் ஆறாவது வாரம் தாண்டிய கூட்டுக்குப் போக ரொம்பவே யோசிப்பார்கள். சீக்கிரம் சொல்வதுதான் முக்கியம்.

எப்படிச் சொல்வது? திரையைப் படம் பிடியுங்கள். திரையின் மூலையில் தெரியும் தேதியும் நேரமும் படத்தில் விழ வேண்டும். எந்தக் குஞ்சு, எந்தக் கால், கயிற்றின் நிறம் என்ன, எத்தனை நேரமாக நகராமல் இருக்கிறது என்று நான்கு வரி. அமைப்பின் சொந்த இணையதளத்தில் இருக்கும் முகவரிக்கு ஒரு முறை மட்டும். அரட்டைப் பெட்டியில் எழுதாதீர்கள். அங்கே 'நான்தான் நிர்வாகி, தனியாகப் பேசுங்கள்' என்று ஒருவர் வருவார். அவர் க்யூஆர் கோடுக்காரரின் சித்தப்பா மகனாக இருப்பார்.

இந்த இடத்தில் எனக்குக் கோபம் வருவதை மறைக்கவில்லை. நன்கொடைப் பொத்தானைப் பக்கத்தின் உச்சியில் பளபளவென்று வைக்கத் தெரிந்த அமைப்புகள், எப்போது தலையிடுவோம், எப்போது மாட்டோம் என்பதை ஏதோ ஒரு துணைப்பக்கத்தின் அடியில் சின்ன எழுத்தில் வைக்கின்றன. வெள்ளிக்கிழமை மாலை கயிறு சுற்றியதைப் பார்த்து எழுதினால், ஐந்து வேலைநாளில் பதில் வரும் என்று தானியங்கிப் பதில் வருகிறது. குஞ்சுக்குச் சனி, ஞாயிறு விடுமுறை கிடையாது. குஞ்சுகளுக்குப் பெயர் வைக்க வாக்கெடுப்பு நடத்த மட்டும் ஆள் இருக்கிறது.

பசிக்கும் ஒரு அரசியல் இருக்கிறது. மேரிலாந்தையும் வர்ஜீனியாவையும் ஒட்டிய செசபீக் விரிகுடாவின் கீழ்ப்பகுதியில், உப்புத்தண்ணீர்ப் பக்கத்தில், இப்போது கடைக்குட்டி மட்டுமல்ல, மொத்தக் கூடுமே பட்டினி கிடக்கிறது. வில்லியம் அண்ட் மேரி பல்கலைக்கழகத்தின் பாதுகாப்பு உயிரியல் மையம், செசபீக்கின் ஒரு பகுதியான மாப்ஜாக் விரிகுடாவில் 2023-இல் எடுத்த கணக்கில் ஜோடிக்கு 0.03 குஞ்சுதான் தேறியது. பறவை எண்ணிக்கை குறையாமலிருக்க 1.15 வேண்டும். டிடிடி பூச்சிமருந்து முட்டை ஓடுகளை மெலிய வைத்துக் கூடு கூடாக அழித்த காலத்தைவிட இது மோசம். காரணம் மென்ஹேடன் என்ற மீன் குறைந்தது என்கிறார்கள் அந்த ஆய்வாளர்கள். நம் மத்தியின் சொந்தக்காரன். அதை வலைபோட்டு அள்ளி மீன்தூளும் எண்ணெயும் ஆக்கும் தொழில் அங்கே இருக்கிறது. செசபீக் விரிகுடாவுக்கு ஆண்டுக்கு 51,000 டன் என்று உச்சவரம்பும் இருக்கிறது. நாங்கள் காரணமில்லை என்கிறது தொழில்துறை. முடிவெடுக்க வேண்டிய அட்லாண்டிக் மாநிலங்களின் மீன்வள ஆணையம் 2024-இல் ஒரு குழு அமைத்தது. குழு, துணைக்குழு, கருத்துக்கேட்பு. அதற்குள் எத்தனை ஜூன் மாதங்கள் போகும்? அங்கே குடியிருக்கும் உங்கள் மகள் தன் மாநிலப் பிரதிநிதிக்கு ஒரு கடிதம் எழுதினால், நீங்கள் இரவெல்லாம் விழித்திருந்து அரட்டையில் அழுவதைவிட அது அந்தக் கூட்டுக்கு நெருக்கமாகப் போகும்.

பணம் கொடுத்தே தீர வேண்டும் என்று மனசு சொன்னால், அதையும் மகளிடமே விட்டுவிடுங்கள். காணொளிக்குக் கீழே இருக்கும் இணைப்பைத் தொடாமல், அமைப்பின் பெயரைத் தேடி, அதன் தளத்துக்குத் தானே போய் அங்கிருந்து செலுத்தட்டும். அந்தப் பணம் கேமராவுக்கும் கம்பத்துக்கும் போகும். குறிப்பிட்ட ஒரு குஞ்சின் பெயரைச் சொல்லி, இன்று இரவுக்குள் என்று கெடு வைத்துக் கேட்கிறவர் யாராக இருந்தாலும் அவருக்குக் கொடுக்காதீர்கள்.

கடிதத்தில் 'அனுப்பலாம் என்றிருக்கிறேன்' என்று எழுதியிருக்கிறீர்கள். இதற்குள் அனுப்பிவிட்டிருந்தால் வெட்கப்பட்டு உட்கார்ந்திருக்க வேண்டாம் அம்மா. வங்கிக்குச் சொல்லுங்கள், 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்கு உடனே போன் செய்யுங்கள். பரிவர்த்தனை எண்ணையும் அந்தப் பக்கத்தின் படத்தையும் கையில் வைத்துக்கொள்ளுங்கள். முதல் சில மணி நேரத்துக்குள் சொன்னால்தான் பணத்தை வழியில் நிறுத்த வாய்ப்பு அதிகம்.