புசல் நெல்லும் சுங்கக் காசும்

வணக்கம் ஐயா,

ஒட்டுசுட்டான் பக்கத்தில் ஒரு முன்பள்ளியில் படிப்பிக்கிறேன். எங்கள் ஊர்ச் சனசமூக நிலையத்துக்குச் செயலாளராகவும் இருக்கிறேன். வாசிகசாலைக்குப் புத்தகம் வாங்கக் காசு கேட்டுப் பிரதேச சபைக்கு மூன்று தரம் கடிதம் கொடுத்தோம். "உங்கள் பகுதியில் வரி வருமானம் இல்லை" என்று பதில் வந்தது. மாமாவிடம் சொன்னேன். "வெள்ளைக்காரன் காலத்தில் இறக்குமதி எல்லாம் கட்டுப்பாட்டில் இருந்தது. சுங்கத்தில் காசு குவிந்தது. அந்தக் காசில்தான் அவன் லைப்ரரி கட்டித் தந்தான். இப்ப யார் தருவினம்?" என்றார். அது உண்மையா?

இன்னொன்றும் கேட்க வேண்டும். இடம்பெயர்வுகளுக்கெல்லாம் தப்பி, எங்கள் வாசிகசாலையின் பழைய கணக்குக் கொப்பி ஒன்று ஒரு பெரியவரின் வீட்டில் இருந்தது. 1956ஆம் ஆண்டுக் கொப்பி. வீட்டுக்காரரின் பெயர்களுக்கு நேரே "1 புசல்", "½ புசல்" என்று எழுதியிருக்கிறது. இது என்ன கணக்கு? வரியா?

ஒரு வாசகி

அன்புள்ள பிள்ளைக்கு,

கொப்பியைப் பற்றி எழுதியிருந்ததைப் படித்துவிட்டு எழும்பிப் போய் முற்றத்தில் கொஞ்ச நேரம் நின்றேன். அதற்குப் பிறகு வருகிறேன். முதலில் மாமாவின் கதை.

சுங்கத்தில் காசு குவிந்தது என்று அவர் சொல்வது சரி. ஆங்கிலேய ஆட்சியின் பிற்காலத்தில் அரசாங்கத்துக்கு வந்த வரிகளில் பெரியது சுங்க வரிதான். 1869இல் அவர்கள் போட்ட சுங்கக் கட்டளைச் சட்டம்தான் திருத்தங்களோடு இன்றைக்கும் நடப்பில் இருக்கிறது. ஆனால் அந்தக் காசு யாருடையது என்று ஒரு தரம் யோசித்துப் பாருங்கள். இலங்கையில் வருமான வரி வந்தது 1932இல். அதுவரைக்கும் ஒரு பெரிய தோட்டச் சொந்தக்காரர் எவ்வளவு உழைத்தாலும் அந்த வருமானத்துக்கென்று வரி இல்லை. வரி எங்கே இருந்தது? அரிசியில் இருந்தது, சீனியில் இருந்தது, துணியில் இருந்தது, மண்ணெண்ணெயில் இருந்தது. லாம்புக்கு எண்ணெய் வாங்கிய முள்ளியவளைக் கமக்காரரும் சுங்க வரி கட்டினார். கப்பல் நின்றது கொழும்பில் என்பதால் தான் வரி கட்டியது அவருக்கே தெரிந்திருக்காது, அவ்வளவுதான்.

நெல்லின் கதை இதைவிடக் கடுமையானது. வயலில் விளைந்த நெல்லுக்கு அரசாங்கத்துக்குப் பங்கு கொடுக்க வேண்டும் என்ற தானிய வரி 1892 வரை இருந்தது. கணக்குக்குப் பத்தில் ஒன்று. பெரும்பாலும் அந்த வரியைத் திரட்டும் உரிமையையே ஏலத்தில் குத்தகைக்கு விட்டார்கள். கதிரிலிருந்து நெல்லைப் பிரிக்கச் சூடு மிதிக்கும் களத்தில் குத்தகைக்காரரின் ஆள் வந்து நிற்பான். அவன் பார்க்காமல் நெல்லை அள்ளக்கூடாது. 1878இல் ஒரு சட்டம் போட்டு, வருடத்துக்கு இவ்வளவு காசு என்று மாற்றினார்கள். விளைந்தாலும் கட்டவேண்டும், விளையாவிட்டாலும் கட்டவேண்டும் என்று ஆனது. மலைநாட்டில் வலப்பனைப் பக்கம் வரி கட்ட வழியில்லாதவர்களின் வயல்கள் ஏலத்தில் போயின, குடும்பங்கள் நிலம் இழந்து அலைந்தன. அதை ஓர் ஆங்கிலேய அதிகாரியே எழுத்தில் வெளியே கொண்டுவந்தார். இங்கிலாந்து வரை சத்தம் எழுந்த பிறகுதான் ஆளுநர் ஹவ்லொக் காலத்தில் அந்த வரியை எடுத்தார்கள். வயல் வரி போனது, வெளியே இருந்து வரும் அரிசிக்கான இறக்குமதி வரி மட்டும் அப்படியே நின்றது.

மாமா சொல்கிற "கட்டுப்பாடு" அவருடைய தகப்பன் காலத்துக் கூப்பன் கதையாக இருக்கலாம். 1942இல் பர்மா ஜப்பான்காரரிடம் விழுந்ததும் ரங்கூன் அரிசி நின்றது. அரிசியைக் கூப்பனுக்கு அளந்து கொடுக்கிற நிலைமை வந்தது. ஊர் ஊராகச் சங்கக்கடைகள் என்கிற கூட்டுறவுக் கடைகள் பெருகியதும் அந்த நேரத்தில்தான். அது பஞ்சத்தைச் சமாளித்த கட்டுப்பாடு. நூலகத்துக்கும் அதற்கும் தொடர்பு இல்லை.

சரி, நூலகத்துக்கு வருவோம். மாமா பிழைவிடுவது இங்கேதான். அவரைக் குறை சொல்லவில்லை, நானும் நாற்பது வயது வரை அப்படித்தான் நம்பிக்கொண்டிருந்தேன்.

இங்கிலாந்தில் 1850இல் ஒரு பொது நூலகச் சட்டம் வந்தது. ஒரு பட்டினத்துச் சபை விரும்பினால், அந்தப் பட்டினத்து வீடு, நிலம் போன்ற ஆதனங்களின் மதிப்பில் பவுணுக்கு அரைப் பென்னி வரி போட்டு நூலகம் நடத்தலாம் என்று அது சொன்னது. 1855இல் அரைப் பென்னி ஒரு பென்னி ஆனது. அங்கே அது நல்ல சட்டம்தான். மான்செஸ்டர் போன்ற ஊரில் ஆலை இருந்தது, கடை இருந்தது, வரி கட்ட ஆயிரமாயிரம் வீடுகள் இருந்தன. நூலகம் என்பது உள்ளூர்ச் சபையின் வேலை, அதற்கான காசு உள்ளூர் ஆதன வரியிலிருந்து வரவேண்டும் என்ற அந்த எண்ணம் இங்கேயும் வேர் பிடித்தது. சட்டமாக வந்ததைவிடப் பழக்கமாக வந்தது என்று சொல்லலாம். எங்கள் ஆட்கள் சோலைவரி என்று சொல்வது அந்த ஆதன வரியைத்தான்.

இப்போது இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். சுங்கக் காசு நாடு முழுக்கச் சனத்திடமிருந்து எடுக்கப்பட்டு மத்திக்குப் போகும். நூலகக் காசு மட்டும் அந்தந்த ஊர்ச் சோலைவரியிலிருந்து வரவேண்டும். அப்படியென்றால் நூலகம் எங்கே வரும்? கல்வீடும் கடைத்தெருவும் உள்ள இடத்தில் வரும். கொழும்பில் வந்தது. சந்தாக் கட்டி வாசிக்கும் பழைய நூலகங்கள் அங்கே ஏற்கெனவே இருந்தன. அவற்றைச் சேர்த்து 1925இல் கொழும்புப் பொது நூலகத்தை மாநகரசபை தொடங்கியது. மத்திய அரசாங்கம் புத்தகமே சேர்க்கவில்லை என்று சொல்லமாட்டேன். 1877இல் திறந்த கொழும்பு அருங்காட்சியகத்தில் நல்ல நூலகம் இருந்தது. 1885ஆம் ஆண்டுச் சட்டத்தால், இலங்கையில் எங்கே புத்தகம் அச்சடித்தாலும் அரசாங்கத்துக்குப் பிரதி கொடுக்க வேண்டும் என்றும் ஆனது. யாழ்ப்பாணத்து அச்சகங்களின் தமிழ்ப் புத்தகங்களும் அப்படியே கொழும்புக்குப் போயின. அவை அங்கே பத்திரமாக இருந்தன, மாங்குளத்துக்கு ஒன்றும் திரும்பி வரவில்லை.

யாழ்ப்பாணத்தில்கூட அரசாங்கம் முதல் அடி எடுத்து வைக்கவில்லை. 1933இல் க. மு. செல்லப்பா என்பவர் தன் வீட்டில் புத்தகங்களை வைத்து மற்றவர்களுக்கு வாசிக்கக் கொடுத்தார். அடுத்த வருடம் ஊர்ப் பெரியவர்கள் கூடிக் காசு சேர்த்து, ஆஸ்பத்திரி வீதியில் ஓர் அறையை வாடகைக்கு எடுத்து 844 புத்தகங்களோடு திறந்தார்கள். பட்டினசபை அதைப் பொறுப்பேற்றது 1935இல். அந்த அறையில் தொடங்கியதுதான் 1981இல் எரியும்போது ஏறத்தாழ 97,000 நூல்களோடு இருந்தது. அதைப் பற்றி இங்கே எழுதத் தொடங்கினால் உங்கள் கேள்விக்குத் திரும்பி வரமாட்டேன்.

எங்கள் வன்னியில் அப்போது என்ன இருந்தது? காடு, இடிந்த குளங்கள், காய்ச்சல். ரயில் பாதை வந்து முடிந்தது 1905இல். இரணைமடுக் குளத்தை 1902இல் தொடங்கி 1920இல்தான் முடித்தார்கள். கிளிநொச்சியில் ஆட்களைக் குடியேற்றியது முப்பதுகளில். சோலைவரி போடுகிற அளவுக்கு நெருங்கிய வீடுகள் இல்லை. இருந்த கிராமச் சங்கங்களின் கையில் வந்த காசு ஒழுங்கைக்கும் கிணற்றுக்குமே போதாது. ஆகவே நூலகம் வரவில்லை. எங்கள் சனத்துக்கு வாசிப்பில் ஆசை இல்லை, அதனால்தான் வரவில்லை என்று பிறகு சிலர் எழுதினார்கள். அதைப் படிக்கும்போது எனக்கு இன்றைக்கும் நெஞ்சு எரியும்.

மத்தி நினைத்தால் முடியாமல் போயிருக்காது. அதற்குச் சாட்சி பள்ளிக்கூடம். 1945இல் கல்வி அமைச்சர் கன்னங்கரா காலத்தில் இலவசக் கல்வி வந்தபோது, உன் ஊரில் வரி வருமானம் இருக்கிறதா என்று யாரும் கேட்கவில்லை. ஆசிரியர் சம்பளம் நாட்டின் பொது வருமானத்திலிருந்து வந்தது. அதனால்தான் என்னைப் போன்ற வயல்காரன் மகன் எழுத்துப் படித்தான். எழுதப் படிக்கத் தெரிந்த பிள்ளைக்கு வாசிக்கப் புத்தகம் கொடுப்பது மட்டும் ஏன் உள்ளூர்ச் சபையின் தலையில் விடப்பட்டது? அக்கரையில் 1948இல் மதராஸ் பொது நூலகச் சட்டம் வந்தது. நூலகவியல் அறிஞர் ரங்கநாதன் பல வருடம் பாடுபட்டதன் பலன். உள்ளூர் வரியோடு சேர்த்து நூலக வரி என்று தனியாக எடுத்து, மாவட்டம் முழுவதற்கும் ஓர் ஆணைக்குழுவிடம் கொடுத்தார்கள். பட்டினத்தில் திரண்ட காசு கிராமத்துக் கிளை நூலகத்துக்கும் போக வழி கிடைத்தது. யாழ்ப்பாண நூலகத்துக்கு ஆலோசனை சொன்னதும் அதே ரங்கநாதன்தான். அவருடைய ஆலோசனையில் கட்டடம் எழும்பியது, அப்படி ஒரு நூலக வரி மட்டும் இலங்கையில் வரவில்லை.

உங்களுக்கு வந்த பதிலின் வேர் இதுதான். 1987ஆம் ஆண்டுப் பிரதேச சபைச் சட்டத்தைப் பாருங்கள். வளர்ச்சியடைந்த இடம் என்று பிரகடனம் செய்த பகுதியில்தான் சபை சோலைவரி எடுக்கலாம். உங்கள் ஊர் அதற்குள் வராது. அந்தக் கடிதத்தை எழுதிய உத்தியோகத்தர் பொய் சொல்லவில்லை. ஆனால் நீங்கள் வாங்கும் பால்மாவுக்கும் பருப்புக்கும் கைத்தொலைபேசிக்கும் உங்கள் ஊர்ச் சனம் துறைமுகத்திலேயே வரி கட்டியாயிற்று. அடுத்த கடிதத்தில் இதை எழுதுங்கள். எங்கள் ஊரின் சோலைவரியிலிருந்து தாருங்கள் என்று கேட்காதீர்கள், பொது வருமானத்திலிருந்து கேளுங்கள். சபைக்கு எழுதும்போது மாகாண உள்ளூராட்சித் திணைக்களத்துக்கும் ஒரு பிரதி போடுங்கள்.

இனிக் கொப்பி.

அது வரி இல்லைப் பிள்ளை. புசல் என்பது நெல் அளக்கிற ஓர் அளவு. எங்கள் ஊரிலும் அப்படி ஒரு கொப்பி இருந்தது. மாரிமழையில் விளைகிற காலபோக நெல்லை வெட்டிச் சூடு மிதித்து முடிய, வாசிகசாலைக்காரர் இரண்டு பேர் வண்டிலோடு களம் களமாகப் போவார்கள். வசதியான வீடு ஒரு புசல், இல்லாத வீடு அரைப் புசல், அதுவும் முடியாதவர்கள் ஒரு மரக்கால். என்னுடைய ஐயா ஒரு புசல் அளப்பார். எங்களுக்கு அரைப் புசலே போதும் என்று அம்மா சொல்லுவா, அவர் கேட்கமாட்டார். சேர்ந்த நெல்லை விற்ற காசில்தான் பேப்பர் எடுத்தார்கள். அது ரயிலில் மாங்குளத்துக்கு வந்து, அங்கிருந்து முல்லைத்தீவு பஸ்ஸில் வந்து சேர மத்தியானம் ஆகிவிடும். மண்சுவர், கிடுகுக் கூரை, ஒரு வாங்கு. வாசிக்கத் தெரிந்தவர் சத்தமாக வாசிப்பார், தெரியாதவர்கள் சுற்றி இருந்து கேட்பார்கள். நான் வாசிக்கப் பழகியது அந்த வாங்கின் நுனியில்.

என் ஐயாவின் பாட்டன் காலத்தில் அதே களத்தில் வரிக்காரனின் ஆள் நின்றிருப்பான். அறுபது எழுபது வருடம் கழித்து அதே களத்தில் அதே நெல்லைச் சனம் தானாக அளந்து கொடுத்தது. அந்த ஒரு புசலைச் சுமத்தியவர் யாருமில்லை.

பிறகு எழுபதுகளில் இறக்குமதிக் கட்டுப்பாடு இன்னொரு விதமாக வந்தது. வெளிநாட்டு மிளகாயும் வெங்காயமும் நின்றன. விசுவமடுவில் காடு வெட்டிக் குடியேறிய படித்த வாலிபர்கள் செத்தல் மிளகாயில் காசு கண்டார்கள். நெல்லுக்குப் பதிலாக மிளகாய் மூட்டை கொடுத்த வீடுகளும் உண்டு. தமிழ்நாட்டுச் சஞ்சிகைகளின் வரவைக் குறைத்ததும் அந்தக் காலத்தில்தான். வாசிகசாலை மேசையில் அவை இல்லாதது எங்களுக்குக் கவலையாக இருந்தது. அந்த இடத்தில் வீரகேசரிப் பிரசுரம் போட்ட ஈழத்து நாவல்கள் வந்து நிரம்பின. எங்கள் மண்ணின் பெயர்களை அச்சில் முதலில் கண்டது அப்போதுதான். 1977க்குப் பிறகு கதவைத் திறந்துவிட்டார்கள், மிளகாய் விலை விழுந்தது. அப்புறம் யுத்தம்.

எங்கள் ஊர்க் கொப்பி இல்லை. எந்த இடப்பெயர்வில் போனது என்றும் யாருக்கும் தெரியாது. அதனால்தான் உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு முற்றத்தில் போய் நின்றேன்.

தயவுசெய்து அந்தக் கொப்பியை லமினேட் செய்ய வேண்டாம். செலோடேப் ஒட்டவும் வேண்டாம், சில வருடத்தில் அது தாளைத் தின்றுவிடும். பருத்தித் துணியில் சுற்றி, ஈரம் படாத இடத்தில் மட்டமாக வையுங்கள். பெரியவர் சம்மதித்தால், ஈழத்து நூல்களையும் ஆவணங்களையும் இணையத்தில் சேர்த்து வைக்கிற 'நூலகம்' நிறுவனத்துக்குச் சொல்லி ஸ்கான் பண்ணலாம். மூலக் கொப்பி உங்கள் ஊரிலேயே இருக்கட்டும். அதில் உள்ள பெயர்களை அந்தப் பெரியவரோடு இருந்து ஒவ்வொன்றாக வாசித்து, இன்னார் இன்ன வளவு என்று தனித் தாளில் எழுதி வையுங்கள். அவருக்கு நினைவு இருக்கும்போதே செய்ய வேண்டிய வேலை இது. தை முடிய நான் அந்தப் பக்கம் வருகிறேன். அவர் அனுமதித்தால் நானும் பக்கத்தில் இருந்து எழுதுகிறேன்.

அன்புடன்.