சுகரோட சிசேரியன், குழந்தைய தனியா வைப்பாங்களா? குடியாத்தம் தங்கச்சிக்கு

தங்கச்சி, 38 வாரம், இன்சுலின் போடறேன், வியாழக்கிழமை ஆபரேஷன், குழந்தைய ஐசியூல வெச்சிடுவாங்களோன்னு கேட்டிருந்தியே. எல்லா குழந்தையும் போறதில்லம்மா. உன் ரத்தத்துல இருக்கற சுகர் குழந்தைக்கும் போவுது, அதுக்கு ஈடா அதோட உடம்பு இன்சுலின ஜாஸ்தியா சுரந்து பழகிடுது, தொப்புள்கொடி வெட்டினதும் சுகர் வரத்து நின்னுடும், இன்சுலின் மட்டும் இருக்கும், அதான் சில குழந்தைங்களுக்கு சுகர் இறங்குது. குதிகால்ல குத்தி ஒரு சொட்டு ரத்தம் எடுத்து பாப்பாங்க. என் பொண்ணு பொறந்தப்போ சுகர் 38தான் காமிச்சுது, நர்ஸம்மா சீம்பால பீய்ச்சி ஸ்பூன்ல குடுக்க வெச்சாங்க, அடுத்த தடவ 56க்கு ஏறிடுச்சு. நான்தான் சும்மா அழுதுட்டு இருந்தேன்.

முந்தின ராத்திரி எவ்ளோ யூனிட், காலைல போடணுமா வேணாமான்னு டாக்டர்கிட்ட பேப்பர்ல எழுதி வாங்கிக்கோ. வெறும் வயித்துல பழைய டோஸ் போட்டா மயக்கம் வந்துடும். காலைல மொத கேஸா எடுப்பாங்களான்னும் கேளு. நஞ்சுக்கொடி வெளிய வந்ததும் இன்சுலின் தேவை சட்டுனு குறைஞ்சிடும், அதனால பழைய அளவையே போட்டுட்டு இருக்காத.

தையல்தான் பெரிய வேலை, நம்ம வேலூர் வெயில்ல அடிவயித்து மடிப்புல வேர்வை நிக்கும், மெத்துனு துணியால ஒத்தி காய வெச்சுக்கோ. செவந்தாலோ, சீழ், காய்ச்சல் வந்தாலோ அன்னிக்கே போயிடு. வெல்லம் போட்ட லேகியம், பாக்க வர்றவங்க கொண்டாற ஆற்காடு மக்கன் பேடா ரெண்டையும் மாமியார் மனசு நோகாம தள்ளி வை. கர்ப்பத்துல வந்த சுகர்னா ஆறு வாரம் கழிச்சு 75 கிராம் குளுக்கோஸ் டெஸ்ட் எடுத்துடு.