இரண்டு கருந்துளைகள் நெருங்கினால் என்ன ஆகும்? எல்லை ஊர் வாசகர்களின் கேள்விகள்

சித்தூர், வேலூர், திருப்பத்தூர் பக்கத்து ஊர்களிலிருந்து, ஒளிகூடத் தப்ப முடியாத ஈர்ப்பு கொண்ட கருந்துளைகளைப் பற்றி வந்த கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன். முதல் கேள்வியைத்தான் பலரும் வெவ்வேறு விதமாகக் கேட்டிருந்தார்கள். அதனால் அதற்கு மட்டும் பதில் கொஞ்சம் நீளம்.

ஐயா, இரண்டு கருந்துளைகள் கிட்ட வந்தால் ஒன்று மற்றதை இழுத்து விழுங்கிவிடுமா?
*– விசைத்தறி நெசவாளர், நகரி*

கிட்ட வந்த உடனே விழுங்கிவிடாது. சுற்றியுள்ள எல்லாவற்றையும் கருந்துளை உறிஞ்சிக்கொண்டே இருக்கும் என்ற எண்ணம் எப்படியோ பரவிவிட்டது. சூரியனை எடுத்துவிட்டு அதே எடையுள்ள கருந்துளையை அங்கே வைத்தால் பூமி இருண்டு உறைந்துபோகும். ஆனால் இதே பாதையில், ஆண்டுக்கு ஒரு முறை சுற்றிக்கொண்டுதான் இருக்கும். தூரத்தில் இருக்கிற பொருளுக்கு அது கருந்துளையா, நட்சத்திரமா என்பது ஒரு பொருட்டே இல்லை.

எங்கிருந்தோ வரும் இரண்டு கருந்துளைகள் எதிர்ப்பட்டால் பெரும்பாலும் பாதை வளைந்து தம் போக்கில் போய்விடும். ஜோடி சேர வேண்டுமானால் ஆற்றலில் ஒரு பகுதியை இழந்தாக வேண்டும். நெருக்கமான நட்சத்திரக் கொத்துகளில் மூன்றாவதாக ஒன்று குறுக்கே வந்து, அந்த ஆற்றலை வாங்கிக்கொண்டு தெறித்து ஓடும். இன்னொரு வழியும் உண்டு: பிறவியிலேயே இரட்டையாக இருந்த நட்சத்திரங்கள் ஆயுள் முடிந்து, இரண்டுமே கருந்துளைகளாகிவிடுவது.

ஜோடி சேர்ந்த பிறகு ஆற்றலைக் கொண்டுபோவது ஈர்ப்பலை, அதாவது கனமான பொருள்கள் சுற்றும்போது வெளியிலேயே எழுந்து பரவும் அதிர்வு. சுற்றச் சுற்ற அலை கிளம்பும், ஆற்றல் குறையும், இடைவெளி சுருங்கும், வேகம் கூடும். இடைவெளி பாதியானால் மிச்சமிருக்கும் காலம் 16-இல் ஒரு பங்காகிவிடும். கோடிக்கணக்கான ஆண்டுகள் நீண்ட சுற்று கடைசியில் ஒரு நொடிக்குள் முடிவது இதனால்தான்.

2015 செப்டம்பர் 14 அன்று அமெரிக்காவின் லைகோ கருவிகள் முதன்முதலாகப் பிடித்தது அப்படியொரு கடைசி நொடியை. ஒன்று 36 சூரியன் எடை, மற்றது 29. நடந்த இடம் சுமார் 130 கோடி ஒளியாண்டு தூரம். அலை கருவியில் தெரிந்ததே 0.2 வினாடிதான். அதற்குள் அதன் அதிர்வு வினாடிக்கு 35-இலிருந்து 250 வரை ஏறியது. வினாடிக்கு 75 முறை என்று அவை சுற்றிய கட்டத்தில் நடுவே இருந்த தூரம் சுமார் 350 கிலோமீட்டர். நம் ஊர்ப்பக்கமாகப் போகிற சென்னை – பெங்களூரு சாலையின் நீளம். அந்த நீளத்துக்குள் 65 சூரியன்களின் எடை, ஒளியின் வேகத்தில் ஏறக்குறைய பாதி வேகத்தில் சுழன்றிருக்கிறது. இதை எப்போது எழுதினாலும் இந்த இடத்தில் என் கை கொஞ்சம் நின்றுதான் போகிறது.

36-ம் 29-ம் சேர்ந்தால் 65 வர வேண்டும். 62 என்று படித்தேன். மீதி 3 எங்கே போனது?
*– இன்டர் இரண்டாம் ஆண்டு மாணவி, குப்பம்*

நல்ல கேள்வி அம்மா. அந்த மூன்று சூரியன் எடையும் ஐன்ஸ்டைன் சொன்னபடி ஆற்றலாகி, ஈர்ப்பலையாக வெளியேறிவிட்டது. நம் சூரியன் ஆயிரம் கோடி ஆண்டு எரிந்தாலும் தன் எடையில் ஆயிரத்தில் ஒரு பங்கைக்கூட ஒளியாக மாற்றாது. இங்கே மூன்று சூரியன்கள் நொடிக்குள் கரைந்தன. உச்சத்தில் அந்த அலை வினாடிக்குக் கொண்டுபோன ஆற்றல், காணக்கூடிய பிரபஞ்சத்தின் எல்லா நட்சத்திரங்களின் ஒளியையும் மிஞ்சியது.

நீங்களே ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். கருந்துளைகள் சேரும்போது அவற்றின் மொத்த மேற்பரப்பு (உள்ளே போனது திரும்ப முடியாத எல்லையின் பரப்பு) குறையவே கூடாது என்று 1971-இல் ஸ்டீபன் ஹாக்கிங் சொன்னார். மேற்பரப்பு எடையின் வர்க்கத்தைப் பொறுத்தது. 36-இன் வர்க்கம் 1296, 29-இன் வர்க்கம் 841, கூட்டினால் 2137. 62-இன் வர்க்கமோ 3844. சுழற்சியையும் சேர்த்தால் எண்கள் மாறும், முடிவு மாறாது. எடை குறைந்தது, பரப்பு கூடியது. 2025 ஜனவரியில் கிடைத்த மிகத் தெளிவான அலையில் இதை அளந்தே பார்த்துவிட்டார்கள்: மோதலுக்கு முன் இரண்டுக்கும் சேர்த்து சுமார் 2.4 லட்சம் சதுர கிலோமீட்டர், பின்னால் சுமார் 4 லட்சம்.

சேர்ந்த பிறகு உடனே அடங்கிவிடுமா?
*– பள்ளிப்பட்டு வாசகர்*

கொஞ்ச நேரம் அதிரும். கோயில் மணியை அடித்தால் ஒலி எழுந்து தேய்கிறதே, அப்படி. மணியின் அளவுக்கேற்ற ஒலி போல, கருந்துளையின் எடைக்கும் சுழற்சிக்கும் ஏற்ற அதிர்வு. இதை 1970-லேயே கணக்கிட்டுக் காட்டியவர் பெங்களூருக்காரரான இயற்பியலாளர் சி.வி. விஸ்வேஸ்வரா. அலை பிடிபட்ட செய்தி 2016 பிப்ரவரியில் வெளியானபோது அவர் உயிரோடு இருந்தார் என்பதில் எனக்குத் தனி மகிழ்ச்சி.

எங்கள் காவலூர் தொலைநோக்கியில் இதைப் பார்க்க முடியுமா?
*– ஆலங்காயம் வாசகர்*

முடியாது. காவலூரில் 2.34 மீட்டர் கண்ணாடி கொண்ட அருமையான தொலைநோக்கி இருக்கிறது; ஆனால் அதற்கு ஒளி வேண்டும். சுற்றிலும் வாயு இல்லாத கருந்துளைகள் மோதினால் ஒளியே வராது. லைகோவில் 4 கிலோமீட்டர் நீளக் குழாய்கள் இரண்டு, ஒன்றுக்கொன்று செங்கோணத்தில், ‘L’ வடிவில். உள்ளே லேசர். அலை கடக்கும்போது அந்த நீளம் புரோட்டானின் அகலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கைவிடக் குறைவாக மாறும். அதைத்தான் அளக்கிறார்கள். பக்கத்துச் சாலையில் லாரி போனால்கூட கருவி ஆடும் என்பதால், 3,000 கிலோமீட்டர் தள்ளி இன்னொன்றும் வைத்திருக்கிறார்கள். 2015-இல் இரண்டிலும் ஒரே வடிவ அலை, 7 மில்லி வினாடி இடைவெளியில் வந்தது.

நமக்கு ஏதாவது ஆபத்து உண்டா?
*– பலமநேர் வாசகர்*

இல்லை. நமக்குத் தெரிந்தவற்றில் மிகப் பக்கத்துக் கருந்துளையே சுமார் 1,560 ஒளியாண்டு தள்ளி இருக்கிறது. ஈர்ப்பலைகள் இப்போதும் உங்களைக் கடந்து போய்க்கொண்டிருக்கும்; உங்களுக்குத் தெரியவே தெரியாது.

கேலக்ஸிகளின் நடுவில் இருக்கும் ராட்சதக் கருந்துளைகளும் இப்படிச் சேருமா?
*– ஓய்வுபெற்ற ஆசிரியர், குடியாத்தம்*

சேரும் என்றே நம்புகிறோம், ஆனால் அங்கே ஒரு முட்டுக்கட்டை. கேலக்ஸிகள் இணைந்ததும் இரண்டு ராட்சதர்களும் வழியில் உள்ள நட்சத்திரங்களைத் தள்ளிவிட்டு ஆற்றலை இழந்து நெருங்குகிறார்கள். சில ஒளியாண்டு தூரம் வந்ததும் தள்ளிவிடவே நட்சத்திரங்கள் மிஞ்சாது. ஈர்ப்பலை வேலை செய்யவோ அந்தத் தூரம் அதிகம். இதை எப்படித் தாண்டுகிறார்கள் என்பது இன்றும் ஆராய்ச்சிதான். தாண்டுகிறார்கள் என்பதற்கு 2023 ஜூனில் நல்ல அறிகுறி கிடைத்தது: கடிகாரம் போலத் துடிக்கும் பல்சார்களை (வேகமாகச் சுழலும் இறந்த நட்சத்திரங்களை) ஆண்டுக்கணக்காகக் கவனித்ததில், ஒரு முறை அதிர்வதற்கே ஆண்டுகள் எடுக்கும் அலைகளின் தடம். புனே அருகே உள்ள ஜி.எம்.ஆர்.டி. வானொலித் தொலைநோக்கிக்கும் அதில் பங்கு உண்டு.

என் மகளுக்கு இதில்தான் ஆர்வம். எங்கே படிக்க வைக்கலாம்?
*– ஒரு தந்தை, சித்தூர்*

உங்களுக்குப் பக்கத்திலேயே திருப்பதியில் ஐசர் (இந்திய அறிவியல் கல்வி, ஆராய்ச்சி நிறுவனம்) இருக்கிறது, ஐ.ஏ.டி. நுழைவுத் தேர்வு எழுத வேண்டும். கணிதத்தில் பிடிப்பு இருந்தால் சென்னை கணிதவியல் நிறுவனத்தையும் பாருங்கள். மகாராஷ்டிரத்தின் ஹிங்கோலி மாவட்டத்தில் லைகோ-இந்தியா கட்ட 2023 ஏப்ரலில் ஒன்றிய அமைச்சரவை சுமார் 2,600 கோடி ரூபாய்க்கு ஒப்புதல் தந்தது. அங்கே லேசர், வெற்றிடக் குழாய், எலக்ட்ரானிக்ஸ் தெரிந்த பொறியாளர்களும் நிறையத் தேவைப்படுவார்கள். அதனால் இயற்பியல் ஒன்றுதான் வழி என்று மகளை இப்போதே நெருக்க வேண்டாம்.