தம்பி ஏன் ஊருக்கு வர மறுக்கிறார்?

உங்கள் ஊரான கடையத்தில் சொந்த வீடும், அங்குள்ள ஒரே கைபேசிக் கடையில் ஏறக்குறைய அதே சம்பளத்துக்கு வேலையும் காத்திருக்க, உங்கள் தம்பி திருவல்லிக்கேணி மேன்ஷனில் இன்னொருவருடன் அறையைப் பகிர்ந்துகொண்டு கைபேசி பழுதுபார்க்கும் வேலையிலேயே ஏன் இருக்கிறார் என்று கேட்டிருந்தீர்கள்.

வாடகையை அந்த அறைக்கான விலையாக மட்டும் பார்ப்பதால்தான் அது உங்களுக்கு வீண்செலவாகத் தெரிகிறது என்பது என் கருத்து. அங்கிருந்து நடந்தே போகும் தூரத்தில், மின்னணுப் பொருள் கடைகள் நிறைந்த ரிச்சி தெரு இருக்கிறது. ஒரு கடையில் வேலை போனால் மறுநாளே பக்கத்துக் கடையில் கேட்கலாம், வேண்டிய உதிரிபாகம் பெரும்பாலும் அன்றைக்கே கைக்கு வரும், புதிதாக வந்த போனின் போர்டில் ஐசி எனும் சிப்பை எப்படிச் சூடேற்றி எடுப்பது என்பதை அடுத்த மேசைக்காரரைப் பார்த்தே பழகிக்கொள்ளலாம். ஊரில் அந்த ஒரு முதலாளியோடு மனக்கசப்பு வந்தால் இவற்றில் எதுவும் மிஞ்சாது.

மூட்டைப்பூச்சியும் காலை நேரக் கழிப்பறை வரிசையும் பொய்யல்ல. அவற்றைச் சகிப்பதற்கும் ஒரு வயது உண்டு. திருமணமாகிக் குடும்பத்துக்கென்று வீடு பார்க்கும்போது இந்தக் கணக்கு அநேகமாக மாறிவிடும். எனவே இப்போது வற்புறுத்தாமல், தனிக்கடை போடும் அளவுக்குத் தொழில் கைவந்துவிட்டதா என்று மட்டும் அவரிடம் கேட்டுப் பாருங்கள்.