'டபிள்யூ' என்ற கொரியத் தொடரின் கனவுத் திருப்பத்தை முன்பே ஊகித்திருக்க முடியுமா?

முடியும், ஆனால் காதல் காட்சிகளில் மட்டும் லயித்திருந்தவர்களைவிட, அக்கதையுலகின் விதிகளைக் கவனித்தவர்களுக்கே அது எளிது. (இனி வருபவை கதையின் முடிச்சுகளை வெளிப்படுத்திவிடும்.)

2016 இல் தென்கொரியாவின் எம்பிசி தொலைக்காட்சியில் 16 பகுதிகளாக வந்த இத்தொடரில், மருத்துவரான ஓ யோன் ஜூ, தன் தந்தை வரைந்துவரும் வெப்டூனுக்குள் (இணையத்தில் வெளியாகும் படக்கதைக்குள்) இழுக்கப்பட்டு அதன் நாயகன் காங் சொல்லைக் காதலிக்கிறாள். அவன் மனம் பெரிதாக அசைந்துபோகும் கணத்தில் 'தொடரும்' என்ற சொல் காற்றில் எழ, அவள் நிஜ உலகுக்குத் திரும்பிவிடுகிறாள்.

முக்கியமான விதி இன்னொன்று. தந்தையின் டேப்லெட்டில் வரையப்படுவது அங்கே நடந்தே தீரும். அப்படியானால், ஏற்கெனவே நடந்துவிட்டதைச் செல்லாததாக்க எஞ்சியிருக்கும் வழி, நாயகன் கனவிலிருந்து விழித்துக்கொள்வதாக வரைவதுதான். அப்படி வரையச் சொல்லி அவளிடம் கேட்பவனே காங் சொல் என்பதுதான் நெஞ்சைப் பிசைகிறது.

'எல்லாம் கனவு' என்று முடிப்பது வாசகரை ஏய்ப்பது என்று பலர் குறைப்படுவதுண்டு. இங்கே அக்குறை பொருந்தாது. அவன் மறக்கிறான், அவள் மறக்கவில்லை; ஆகவே நாம் பார்த்த எதுவும் வீணாகாமல், அவள் ஒருத்தியின் சுமையாகத் தொடர்கிறது. கனவுலகக் கதை எதிலும் அடுத்த திருப்பத்தை ஊகிக்க, யார் எதை நினைவில் வைத்திருக்கிறார்கள் என்பதையே முதலில் பாருங்கள். அதன்பின் ஆசிரியர் வரையாமல் விட்டதைத் தேடுங்கள்: இத்தொடரில் கொலைகாரனுக்கு முகமே வரையப்படவில்லை, பிற்பாதியின் பேராபத்து அங்கிருந்தே புறப்படுகிறது.